பாதை இருந்தது, குழாய்க்கு இடமில்லை: பாமன்கடைப் பக்கத்துக் காணிப் பிரிப்பு ஒன்று

கீழே வருவது ஒரு தனிக் குடும்பத்தின் காணி அல்ல. கொழும்பின் வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனைப் பக்கங்களில் பிளானும் காணி உறுதியுமாகக் கைக்கு வந்துபோகும் பல பிணக்குகளை ஒரே வளவுக்குள் சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவுகளும் ஆட்களும் அதற்காக வகுத்தவை. சட்டமும் தண்ணீர் ஓடும் விதமும் மட்டும் உள்ளபடியே.

காணி

காலி வீதியிலிருந்து உள்பக்கமாக, கால்வாயை நோக்கிச் சரியும் நிலம். முகப்பு 22 மீற்றர், ஆழம் 55 மீற்றர், மொத்தம் 1,210 சதுர மீற்றர். ஒரு பேர்ச்சஸ் 25.29 சதுர மீற்றர் என்பதால் ஏறக்குறைய 48 பேர்ச்சஸ். முன்னால் மாநகர சபை வீதி. அதற்கடியில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகின்றன. பின்னால் கால்வாய் ஒதுக்கு நிலம். வீதி மட்டத்தைவிடப் பின் எல்லை ஒரு மீற்றர் பள்ளம். வந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு அந்தச் சரிவு தெரியாது. இந்தக் கதையில் நடந்தது அத்தனைக்கும் அதுதான் காரணம்.

எண்பதுகளில் தகப்பனார் முன்பாதியைப் பழைய வீட்டோடு மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதினார். பின்பாதி தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டார். பின்னுக்குப் போக வழி வேண்டுமே, அதனால் மகளின் காணிக்குள் கிழக்கு எல்லையோரமாக '10 அடி அகலத்தில் ஆட்களும் வாகனங்களும் போய்வரும் உரிமை' என்று உறுதியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. அந்தக் கீற்று மகளின் காணிதான். பின்காணிக்கு அதன்மேல் நடக்கவும் ஓட்டவும் உரிமை.

பிறகு பின்பாதியை மூன்று மகன்மாருக்கும் பிரித்தார்கள். உள்ளே திரும்பும் ஒழுங்கைக்கு விட்டது போக, ஆளுக்கு ஏறக்குறைய 7 பேர்ச்சஸ். குடியிருப்புத் துண்டுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் 150 சதுர மீற்றருக்கு, அதாவது 6 பேர்ச்சஸுக்கு, மேலேயே இருந்ததால் பிரிப்புக்கு அனுமதியும் கிடைத்தது. பிளானில் முன் துண்டு 1, பின் துண்டுகள் 2, 3, 4. 2ஆம் துண்டில் ஒரு தம்பி வீடு கட்டிக் குடியிருக்கிறார். 3ஆம் துண்டு லண்டனில் இருக்கும் தம்பியுடையது; அவர் அதை ஓர் இளம் தம்பதிக்கு விற்றார். 4ஆம் துண்டு ரொறன்ரோவில் இருக்கும் தம்பியுடையது, வெறும் வளவு. மூத்த அக்காவும் பிள்ளைகளோடு வெளிநாடு போய், 1ஆம் துண்டை மாடிவீடுகள் கட்டி விற்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

தகராறு

இளம் தம்பதி வங்கிக் கடன் எடுத்து, பிளான் போட்டு, தண்ணீருக்கும் கரண்டுக்கும் கழிவு இணைப்புக்கும் விண்ணப்பித்தார்கள். தனியார் பாதையூடாக இணைப்பு வருகிறது என்றால் அந்தப் பாதைக் காணிக்காரரின் சம்மதத்தைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். அப்போதுதான் 10 அடிப் பாதையின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி வந்தது. சொந்தக்காரர் புதிதாக வந்த கட்டடக்காரர். பாதையை நாலு அங்குலக் கொங்கிரீட்டால் மூடி முடித்திருந்தார்.

துண்டு 2இன் தம்பி போய்க் கேட்டபோது கிடைத்த பதில், இப்படியான பிணக்கு எல்லாவற்றிலும் கேட்கிற பதில்தான்: "போய்வர வழி இருக்குத்தானே அண்ணை. கிண்டுறதுக்கு எங்க எழுதியிருக்கு?"

எரிச்சலூட்டும் பதில். ஆனால் சட்டப்படி அவர் பக்கம் பலமானது.

இலங்கையில் ஒருவரின் காணிமேல் இன்னொருவரின் காணிக்கு உள்ள உரிமைகளை உரோமன் டச்சுச் சட்டம் ஆள்கிறது. பழைய உரோமர் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நடந்துபோவது ஓர் உரிமை, மாடு ஓட்டிப்போவது இன்னொன்று, வண்டிப் பாதை வேறொன்று, தண்ணீர் கொண்டுபோவது நாலாவது. கழிவுநீரை அயல் காணியூடாக விடுவது அதற்கும் புறம்பான ஒன்று. ஒன்றைத் தந்தவர் மற்றதையும் தந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் வந்தால் அந்த உரிமையின் சுமை தாங்கும் காணிக்கு, இங்கே 1ஆம் துண்டுக்கு, சாதகமாகத்தான் வாசகம் வாசிக்கப்படும். 'போய்வரும் உரிமை' என்று எழுதினால் போய்வரலாம், அவ்வளவுதான். இப்போது நல்ல நொத்தாரிசுகள் வழியுரிமை வரியோடு சேர்த்தே 'நிலத்துக்கு மேலும் கீழும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர், தொலைபேசிக் குழாய்களும் கம்பிகளும் கொண்டுசெல்லும் உரிமை' என்றும் எழுதுகிறார்கள். எண்பதுகளின் உறுதிகளில் அது பெரும்பாலும் இல்லை.

பின்காணிக்கு நாற்பது வருஷமாக அந்தப் பாதையோரத்தால் ஓர் அரை அங்குலத் தண்ணீர்க் குழாய் போய்க்கொண்டிருந்தது, அது போதாதா என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எதிருரிமையாக (சொந்தக்காரரின் சம்மதத்தில் தங்காமல், அவர் உரிமைக்கு எதிராக), இடையூறின்றி, பத்து வருஷம் அனுபவித்தவருக்கு உரிமை தருகிறது. சிக்கல் 'எதிருரிமை' என்ற இடத்தில். அக்காவின் காணிக்குள்ளால் தகப்பனின் பின்காணிக்கு வந்த குழாய் அக்காவின் சம்மதத்தோடு வந்தது. குடும்பத்துக்குள் விட்டுக்கொடுத்து நடந்த பாவனை எத்தனை வருஷமானாலும் எதிருரிமை ஆகாது. அப்படியே ஆனாலும், ஒரு வீட்டுக்கு வந்த அரை அங்குலக் குழாய்க்கு உரிமை கிடைக்குமே தவிர, மூன்று வீட்டின் கழிவுக் குழாய்க்குக் கிடைக்காது.

மாநகர சபை பிளானை அனுமதித்ததே என்று இளம் தம்பதி சொன்னார்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வந்த 1986 ஒழுங்குவிதிகளாக இருக்கட்டும், 2021இல் வந்த பொது விதிகளாக இருக்கட்டும், அவை துண்டின் அளவு, பாதையின் அகலம், வடிகால் என்று திட்டமிடல் பக்கத்தைப் பார்ப்பவை. துண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பாதையும் அகல வேண்டும் என்று கேட்பவை. பிளானில் முத்திரை குத்தப்பட்டதால் மட்டும் மூன்றாமவர் ஒருவரின் காணியைக் கிண்டும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. அது உறுதியால் வர வேண்டிய ஒன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் அந்த உறுதி செல்லும்.

தகப்பனாரிடம் இருந்த சந்தர்ப்பம்

என் கருத்தில் இந்தக் காணியின் பிழை கட்டடக்காரரிடம் இல்லை. சீதன உறுதி எழுதிய அன்றைக்கு முழுக் காணியும் ஒருவர் கையில் இருந்தது. தன் காணிமேல் தனக்கே இப்படியான உரிமை இருக்க முடியாது என்பதால், காணி இரண்டாகப் பிரியும் அந்தக் கணத்தில்தான் அது பிறக்கும். அன்றைக்கு அதற்கு ஒரு கையெழுத்தும் ஒரு மேலதிக வரியும் போதும். முதல் துண்டு கைமாறிய பிறகு அதே வரிக்கு அயலவரின் சம்மதம், விலை, சில வேளை அவருடைய வங்கியின் சம்மதம் எல்லாம் வேண்டும். 48 பேர்ச்சஸில் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து பங்கு பிரித்தவர்கள் நிலத்துக்குக் கீழே உள்ளதைப் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

மாலபே, பிலியந்தலை, கொட்டாவைப் பக்கம் காணி விற்கும் கம்பனிகளின் பெரிய பிரிப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. பாதை தனித் துண்டாக இருக்கும், ஓரத்தில் கான் (வடிகால்) கட்டியிருக்கும், மின்கம்பத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். காணி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விடவேண்டும் என்ற விதியும் உண்டு. பாதையை உள்ளூராட்சிச் சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அது பொதுப் பாதை. கிண்ட வேண்டுமானால் சபையிடம் அனுமதியும் சேதக் கட்டணமும்தான். கொழும்புக்குள் அகப்படுவது அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும் சின்னக் காணிகள்.

ரொறன்ரோ தம்பி ஒரு வட்ஸப் அழைப்பில் சொன்னது பொருத்தமானது. அவருடைய அங்கத்தைய வீட்டின் பின்வேலியோரம் ஒரு கீற்று நிலத்தில் அவர் கொட்டில்கூடப் போட முடியாது. கம்பிக்கும் குழாய்க்குமான இடம் என்று காணிப் பதிவிலேயே ஏறியிருக்கிறது. வட அமெரிக்காவில் புதுக் குடியிருப்புப் பிளான்களில் துண்டு எல்லைகளை ஒட்டி இந்தக் கீற்றுகளைக் கீறிவிட்டுத்தான் விற்பனைக்கே வருவார்கள். வாங்குகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது அவர் காணியோடு வரும்.

சரிவுக் கணக்கு

தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஏதோ ஒரு வழி கண்டுபிடிக்கலாம். தண்ணீர் அழுத்தத்தில் ஓடுகிறது, மேடும் ஏறும். மின்சாரத்துக்குத் தகப்பன் காலத்திலிருந்தே பாதை வாயில் ஒரு கம்பம் இருந்தது; கட்டடக்காரரின் பல்கனி வெளியே வரும்போது கம்பி இடிக்கும் என்பது மட்டும்தான் பிரச்சினை. மின்கம்பி விஷயத்தில் சட்டமும் ஒரு வழி வைத்திருந்தது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டப்படி, காணிக்காரர் சம்மதிக்காவிட்டால் பிரதேச செயலாளர் விசாரித்துத் தீர்மானிக்கலாம், நட்டஈடும் உண்டு. 2024இல் 36ஆம் இலக்கப் புதிய மின்சாரச் சட்டம் வந்திருப்பதால், இந்த வழியில் போகிறவர்கள் இப்போதைய நடைமுறையை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கழிவுநீர் அப்படி இல்லை. அது தன் பாரத்தில் ஓட வேண்டும். கொழும்பின் கழிவுநீர் வலையமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் போட்டது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் போய் விழும். வீட்டுக் குழாய் அதில் சேர, நாலு அங்குலக் குழாய்க்கு 60 மீற்றருக்கு ஒரு மீற்றராவது இறக்கம் வேண்டும். 40க்கு ஒன்று என்றால் நிம்மதி.

இந்தக் காணியில் போட்டுப் பாருங்கள். பின்கோடியிலிருந்து வீதிவரை 55 மீற்றர். 60க்கு ஒன்று என்றாலும் 92 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். பின்கோடி வீதியைவிட ஏற்கெனவே ஒரு மீற்றர் பள்ளம். குழாயை அங்கே 45 சென்ரிமீற்றர் ஆழத்தில் தொடங்கினாலும், வீதிக்கு வந்து சேரும்போது அது வீதி மட்டத்திலிருந்து 2.37 மீற்றர் கீழே நிற்கும். வீதியிலுள்ள குழாயோ 1.2 மீற்றர் ஆழத்தில். ஓடாது. கட்டடக்காரர் அன்றைக்கே கிண்ட விட்டிருந்தாலும் ஓடியிருக்காது என்பதை அதுவரை சண்டை பிடித்த யாரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை.

அப்படியானால் மலக்குழியும் உறிஞ்சுகுழியும்? கால்வாயோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது, திருப்பிக் கக்கும். குழியை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரை மாதாமாதம் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கால்வாய்க்குள் விடுவது பேச்சுக்கே இடமில்லாதது.

மிச்சம் ஒன்றுதான்: பின்காணியில் ஒரு சேகரிப்புத் தொட்டி, அதில் பம்ப், அங்கிருந்து அழுத்தக் குழாயில் வீதிக்கு. அழுத்தக் குழாய் சின்னது, ஆழமும் அதிகம் தேவையில்லை. ஆனால் அதற்கும் அந்த 10 அடிப் பாதையைக் கிண்டத்தான் வேண்டும்.

பாதையின் அகலம் வேறு இடித்தது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அருகருகே போகக்கூடாது. தண்ணீர் வெட்டு வரும் நேரத்தில் தண்ணீர்க் குழாய்க்குள் அழுத்தம் விழும், வெடிப்பு இருந்தால் சுற்றியுள்ள அழுக்கை அது உள்ளே இழுக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் நெறி, இரண்டுக்கும் நடுவே கிடையாக 10 அடி, அது முடியாத இடத்தில் தண்ணீர்க் குழாயை 18 அங்குலமாவது மேலே வைப்பது. இங்கே முழுப் பாதையே 10 அடி. ஆகவே ஒரு மதிலோரம் கழிவுக் குழாய் ஆழத்தில், எதிர் மதிலோரம் தண்ணீர்க் குழாய் மேலே, அதன் பக்கத்தில் மின்கம்பிக்கான குழாய் என்றுதான் கீற முடிந்தது.

மழைநீர் பேச வைத்தது

பேச்சு முறிந்துபோய், மாவட்ட நீதிமன்றம் என்ற வார்த்தை இரண்டு பக்கமும் வந்துவிட்டது. அங்கே போனால் வருஷக்கணக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கிடையில் ஐப்பசி மழை வந்தது.

கழிவு முன்னால் போக வேண்டியது போல, மழைத் தண்ணீர் பின்னால் போக வேண்டும். அதே ஒரு மீற்றர் சரிவு. கட்டடக்காரர் 1ஆம் துண்டை முழுக்கக் கொங்கிரீட் போட்டதால், முன்பு மண் குடித்த தண்ணீர் இப்போது பாதை வழியே இறங்கி 2ஆம் துண்டின் வாசலுக்கு வந்தது. இயற்கையாக வழியும் தண்ணீரை மேட்டுக் காணிக்காரர் பள்ளக் காணிக்கு விடலாம். பள்ளக்காரர் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கட்டடம் போட்டு அந்த வரத்தைக் கூட்டவும், ஒரே வாயால் குவித்து விடவும் மேட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை விழும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்கே வெள்ளம் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மழைத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் சேர்க்கவும் முடியாது. மாடிவீட்டுக்கு அனுமதி எடுக்கக் கட்டடக்காரர் வடிகால் எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். அவருக்கு இருந்த ஒரே வழி பின்காணிகளூடாகக் கால்வாய்ப் பக்கம். அந்தக் கான் 2, 3 துண்டுகளின் எல்லையோரமாகத்தான் போக முடியும், கால்வாயில் சேருமிடத்துக்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேறு.

இப்போது அவருக்கும் கிண்ட வேண்டிய தேவை வந்தது. அதன் பிறகு பேச்சு நல்ல வேகத்தில் நடந்தது.

உறுதியில் போட்டவை

ஒரே உறுதியில் பரஸ்பரம் எழுதிக்கொண்டார்கள். 2, 3 துண்டுகளுக்கு 1ஆம் துண்டின் பாதைக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு அழுத்தக் குழாய் கொண்டுபோகும் உரிமை. 1ஆம் துண்டுக்கு 2, 3 துண்டுகளின் எல்லையோரம் மூடிய கான் விடும் உரிமை. 'பாதையோரம்' என்ற பேச்சுக்கு இடம் வைக்காமல், சேர்வேயர் புதுப் பிளான் கீறி ஒவ்வொரு கீற்றுக்கும் அளவும் எழுத்தும் போட்டார். இது முக்கியம். பிளான் இணைக்காத உரிமை அடுத்த சொந்தக்காரரோடு புதுச் சண்டையாக வரும்.

கிண்டுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, குழாய் வெடித்தால் அறிவிப்பில்லாமல் இறங்கலாமா, கிண்டியவர் கொங்கிரீட்டை எந்தத் தடிப்பில் திருப்பிப் போடுவது, கீற்றின்மேல் மரமோ தூணோ வைக்கக்கூடாது என்பவை எல்லாம் வந்தன. பராமரிப்பு விஷயத்தில் சட்டத்தரணி ஒரு நல்ல வேலை செய்தார். இந்த வகை உரிமை, சுமை தாங்கும் காணிக்காரரை 'தடுக்காதே' என்று கட்டும். 'செய்து கொடு' என்று கட்டாது. கட்டடக்காரர் வருஷா வருஷம் குழாயைத் துப்புரவாக்கித் தருவார் என்று எழுதியிருந்தால் அது அவரோடு போய்விடும், அடுத்தவரைப் பிடிக்காது. அதனால் பராமரிக்கும் உரிமையும் செலவும் பாவிப்பவருக்கே என்று எழுதப்பட்டது. பம்பின் கரண்ட் பில் 2க்கும் 3க்கும் பாதி பாதி. அந்த வரிக்கு மட்டும் மூன்று கூட்டம் போனது.

1ஆம் துண்டு ஏற்கெனவே வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது. ஈட்டுக்குப் பிறகு கொடுக்கும் உரிமை ஈட்டுக்குக் கீழ்தான் நிற்கும். வங்கி காணியை ஏலத்தில் விட்டால் குழாய் உரிமை ஆபத்தில். ஆகவே வங்கியும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தது. பிறகு 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டப்படி காணிப் பதிவகத்தில் மூன்று துண்டுகளின் பதிவேட்டுப் பக்கங்களிலும் உறுதி ஏற்றப்பட்டது. உரிமை பெறும் துண்டில் மட்டும் பதிந்துவிட்டு, சுமை தாங்கும் துண்டில் பதியாமல் விடுவது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. நாளைக்கு அந்தக் காணியை வாங்குபவர் தேடிப் பார்ப்பது அதன் பக்கத்தைத்தான். பதியாத உறுதி, பின்னால் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் முன்னால் தோற்கும்.

ஒன்றை மறந்துவிட்டார்கள். 'மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்' என்று எண்ணி எழுதியவர்கள் இணையக் கேபிளை எழுதவில்லை. அது இப்போது அயல் மதில் வழியாகத் தொங்கி வருகிறது.

4ஆம் துண்டு இந்த உறுதிக்குள் வரவே இல்லை. ரொறன்ரோ தம்பி தன் சார்பில் செயற்பட அனுப்பிய அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் காணியை விற்க அதிகாரம் தந்ததே தவிர, இப்படியான உரிமை பெறவும் செலவு பொறுக்கவும் எதுவும் சொல்லவில்லை. புதிதாக அனுப்புங்கள் என்றார்கள், அவர் பிறகு பார்ப்போம் என்றார். மற்றவர்கள் காத்திருக்கவில்லை. அவருடைய 7 பேர்ச்சஸுக்கு இன்றும் எண்பதுகளின் அந்த ஒரு வரிதான்: ஆட்களும் வாகனங்களும் போய்வரலாம். முன்னால் மாடிவீடு எழும்பி, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்ட பிறகு அவர் குழாய்க்கு வழி கேட்டு வந்தால், கையெழுத்துக்குப் போக வேண்டிய இடம் ஒரு கட்டடக்காரரின் மேசை அல்ல. பாதைக்குப் பங்காளிகளாகிவிட்ட அத்தனை வீட்டுக்காரர்களும்.